ஐந்து சொல்லுக்குள்

டிசம்பர் ஒன்பது. லிங்கராஜபுரத்தில் எதிர்வீட்டுக்காரர்கள்
நட்சத்திரம் கட்டிவிட்டார்கள்.
நான் பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில்
பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
போன வருடம் இருபத்தி மூன்று.
இந்த வருடம் மைக்கேல் சித்தப்பா இல்லை.
இருபத்தி இரண்டு என்று எழுதியதும்
ஒரு கணம் நிம்மதியாய் இருந்தது.
பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்டில் கம்பெனி ஷட்டரை இறக்கியதிலிருந்து
இவர்
காலையில் ஷூவைத் துடைக்கிறார்,
போட்டுக்கொண்டு எங்கும் போகாமல்
சாயங்காலம் திரும்பவும் துடைக்கிறார்.
வாழ்த்து அட்டைக்கு நூற்றைம்பது, அதற்கு மேல் கிடையாது
என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டேன்,
அவரிடம் இல்லை, எனக்கே.
அதுவும் கேக்குக்கு முட்டை வாங்க வைத்திருந்த காசு.

சிவாஜிநகர் நடைபாதையில் பத்து அட்டை தொண்ணூறு.
மினுமினுப்பு கையெல்லாம் ஒட்டும்.
பனி, சறுக்கு வண்டி,
எங்கள் தெருவில் ஒருவரும் பார்த்திராத மான்.
தபால்தலை தனி.

யாரை அடிப்பது?
ஃபீஸுக்குத் தவணை கொடுத்த சிஸ்டரை அடிக்க முடியாது.
கீழ்வீட்டு வனஜாட்சி அக்கா
முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகி
அடுத்த டிசம்பர் வரை எடுக்கமாட்டார்;
அவருக்குத் தபால்தலை வேண்டாம், பதினாறு படி இறங்கினால் போதும்.
இவருடைய பழைய சூப்பர்வைசர்?
அனுப்பினால், வேலைக்கு அடி போடுகிறோம்.
அனுப்பாவிட்டால், வேலை போனதும் மறந்துவிட்டோம்.
அந்தப் பெயர்மேல் பேனா நின்ற நேரத்தில் மை ஊறி
பின்பக்கத்தில் ஒரு அரை லிட்டருக்கு
மூக்குத்தி போட்டுவிட்டது.

போனில் ஒரு படம் போதும் மம்மி, என்கிறாள் ப்ரின்சி.
ஒரே தட்டு, எல்லாருக்கும் போய்விடும்.
போகும்தான்.
போன வருடம் ஒரே நட்சத்திரம் நாலு பேரிடமிருந்து வந்தது.
எந்த நாலு பேர் என்றுதான் ஞாபகமில்லை.

கடைசிப் பெயருக்குப் போன் இல்லை.
இருக்கிறது; என் நம்பருக்கு இல்லை.
பெலிசிட்டா, சாம்பியன் ரீஃப்ஸ், கே.ஜி.எஃப்.
மாரிக்குப்பம் ரயிலில் உட்கார்ந்தால்
மூன்று மணி நேரம்கூட ஆகாது.
எட்டு வருடமாய் நாங்கள் இருவரும் உட்காரவில்லை.
அம்மாவின் வளையல் ஜோடி அடகில் மூழ்கியது.
மூழ்கவிட்டது யார் என்பதில்
அக்காவுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு.
ஆனாலும் இருபதாம் தேதிக்குள் அவள் அட்டை வரும்.
அச்சடித்த இங்கிலீஷ் வாழ்த்து, அடியில் அவள் பெயர்.
நான் அனுப்புவதும் அப்படித்தான்.
சண்டை நன்றாய் இருக்கிறது என்று
வருடம் ஒருமுறை தெரிவித்துக்கொள்கிறோம்.

தபாலாபீஸ் கிளார்க் கன்னடத்தில் சொன்னார்:
உறையை ஒட்டாதீங்க, காசு பாதிதான்.
ஆனால் கையால் எழுதுவது
ஐந்து சொல்லுக்கு மேல் போகக்கூடாது.
ஐந்தா?
ஐந்து. ரூல்.

பசை டப்பா வைத்த மேஜையோரம் நின்றேன்.
அப்புறம்தான் உறைத்தது:
நான் எழுதப்போவது தமிழ்.
எங்கே இடம் விடுவதென்று நான்தானே முடிவுசெய்ய வேண்டும்.

வந்துவிட்டுப்போயிருக்கலாமல்லவா.
ஒன்று.
இவருக்குவேலைபோய்விட்டது.
இரண்டு.
மூன்றாவதற்குப் பின்னால் வரிசை நீண்டது,
யாரோ பார்சலால் முதுகில் இடித்தார்கள்.
அடகுச்சீட்டைத்தொலைத்ததுநான்தான்.
பிறகு ஜெசிந்தா.
ஒரு சொல்லை மிச்சம் பிடித்தேன், பழக்கதோஷம்.

கிளார்க் உறையைத் திறந்து
விரல்நுனியால் நகர்ந்தார்: ஒந்து, எரடு, மூரு, நால்கு.
உங்கள் சொல்லெல்லாம் ரயில் மாதிரி இருக்கே, என்றார்.
முத்திரை விழுந்தது.

மற்றவர்களில் பாதிக்கு ப்ரின்சியின் நட்சத்திரம் போகட்டும்.
சூப்பர்வைசர் பெயர் நோட்டில் அடிபடாமல் இருக்கிறது.
பாதி வழியில், பேக்கரி வாசலில்தான் நினைவு வந்தது,
கே.ஜி.எஃப். தபால்காரருக்குத் தமிழ் தெரியும்.
ஒட்டாத உறை.
கையில் நாலு முட்டைக்குக் காசு.